சாச்சியின் குரலுக்கு எந்தப் புரொசசர்?

"என்ன வேலைக்கு சேர்?" என்று கேட்டார் கடையிலிருந்த தம்பி.

"ஒலிப்பதிவு செய்ய."

"ஸ்டூடியோ போடப் போறீங்களா?"

"இல்ல தம்பி. 82 வயசு மனிசி ஒராள் கவி படிக்கிறதப் பதிய வேணும்."

கல்முனைப் பிரதான வீதியில் நடந்த இந்த உரையாடலின் முடிவில் தம்பி என்னைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தார். பின்னர், கடையிலிருந்தவற்றுள் விலை கூடிய மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் விசைப்பலகையில் சிவப்பு விளக்கெரிந்தது. "ஐ7 சேர். இதுக்கு மேல யோசிக்க ஒண்டுமில்ல" என்றவர், அதனை இயக்கியும் காட்டினார். அரை நிமிடத்தில் உள்ளிருந்த காற்றாடி இரைந்த இரைச்சலைக் கேட்டபோது, நெல் குற்றும் ஆலை வாசலில் நிற்கிறேனோ என்ற மயக்கம் உண்டாயிற்று. வாங்காமல் திரும்பிவிட்டேன். தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் வருகிறவர்கள் கேட்பது வேகத்தை. எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. அது இன்னதென்று அன்றைக்கு எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புரொசசர் என்பதை முன்னர் 'செயலி' என்று எழுதிவந்தோம். இப்போது அச்சொல்லைக் கைபேசியில் நிறுவும் ஆப்களுக்குத் தாரைவார்த்துவிட்டார்கள். தமிழ்ச் சொற்களுக்காகப் பத்திரிகை அலுவலகத்தில் பல சண்டைகள் பிடித்தவன்தான் நான். எனினும் குழப்பம் வேண்டாமென்று இங்கே புரொசசர் என்றே எழுதுகிறேன். நண்பர்கள் மன்னிக்க.)

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் கவி என்றால் அது புத்தகத்தில் அச்சான கவிதையன்று. வயலிலும் வாடியிலும் அடுப்படியிலும் வாய்வழியாக வந்த நாலடிப் பாடல். ஆக்கியோன் பெயர் கிடையாது. காதல், பிரிவு, ஏச்சு, கேலி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆண்களும் பாடினார்கள், எனினும் அதன் பெரும் களஞ்சியம் பெண்களே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராகத் தேடித் தொகுத்து அவற்றை அச்சேற்றியிருக்கிறார்கள். அது பெரும்பணி. ஆனால் அச்சில் சொல் நிற்குமேயன்றி இழுவை நிற்காது. மூன்றாம் அடியின் இறுதியில் மூச்சை விடாமலே குரலைத் தாழ்த்தி, நான்காம் அடிக்குள் நழுவிச் செல்வார் என் சாச்சி. அந்த நழுவலை எந்த எழுத்தில் கோப்பது?

இந்த ஆசை எனக்குப் புதிதன்று. பேராதனையிலே கலைப்பட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே சிறியதொரு கசெட் ரெக்கோடருடன் விடுமுறைக்கு ஊருக்கு வருவேன். பத்திரிகையில் சேர்ந்த பிறகும் அப்பழக்கம் நீடித்தது. 1996இல் என் உம்மம்மாவின் குரலைப் பதிந்தேன். ஒரு பக்கம் முழுவதும் அவரது கவிகள். மறுபக்கத்தில் பாதி. மீதிப் பாதியில் ஓர் அமைச்சரின் செய்தியாளர் மாநாடு. அவசரத்துக்கு வேறு கசெட் கையில் இல்லாதபடியால் மேலெழுதிவிட்டேன். அமைச்சர் அன்று சொன்னதில் ஒரு வரிகூட இன்று நினைவில்லை.

2004 டிசம்பர் 26 காலை, கல்முனைக்குடியில் கடற்கரைக்கு அண்மையிலிருந்த எங்கள் வீட்டுக்குள் வந்த கடல், அந்தக் கசெட் உட்பட ஏறத்தாழ 60 கசெட்டுகளைக் கொண்டுபோயிற்று. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் மத்தியில் நின்று கசெட்டைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. நெடுங்காலம் யாரிடமும் சொல்லவுமில்லை. கொழும்பில் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்த 41 கசெட்டுகள் மாத்திரம் மிஞ்சின.

சாச்சி உம்மாவின் இளைய சகோதரி. உம்மம்மாவின் கவிகளில் பெரும்பகுதி அவரிடந்தான் இருந்தது. 2019 டிசம்பரில் நிந்தவூரிலுள்ள அவரது வீட்டுக்கு ஒரு மடிக்கணினியையும், யூஎஸ்பி ஒலி இடைமுகப் பெட்டியொன்றையும், நல்ல ஒலிவாங்கியொன்றையும் கொண்டுபோனேன். 40 நிமிடம் பாடினார். ஒன்பது கவிகள். ஹெட்போனில் குரல் தெளிந்த நீராகக் கேட்டது. பெருமிதத்தோடு வீடு திரும்பி, கோப்பைத் திறந்து கேட்டால், ஆங்காங்கே 'டிக், டிக்' என்ற சத்தம். மூன்று கவிகளில் சொற்களே விழுந்துபோயிருந்தன. அரைச் சொல், பிறகு வெறுமை, பிறகு அடுத்த சொல்லின் வால்.

ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டது எப்படிக் கோப்பில் சிதைந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் புரொசசர் என்ன வேலை செய்கிறதென்று கற்றுக்கொண்டேன். விடை எளியது. ஹெட்போனை நான் செருகியிருந்தது ஒலிப்பெட்டியில். ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலியை அது கணினிக்குப் போகுமுன்பே நேரடியாகக் காதுக்குத் தருகிற வசதி அப்பெட்டியில் உண்டு. ஆகவே நான் கேட்டது சாச்சியின் குரலைத்தான். கணினி அதில் எவ்வளவைப் பிடித்தது என்பதையல்ல. பதிவு செய்கிற அன்பர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும். பதிந்ததை, எழுந்து வருமுன் அங்கேயே ஒருமுறை திருப்பிப் போட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இனி, புரொசசரின் வேலைக்கு வருவோம். குரலை எண்களாக மாற்றுவது புரொசசர் அன்று. அதனைச் செய்வது ஒலிப்பெட்டி. நொடிக்கு 48,000 தடவை குரலை அளந்து எண்ணாக்கி, சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. 256 அளவுகள் கொண்ட ஒரு பொதி என்றால், 5.3 மில்லிசெக்கனுக்கு ஒன்று வந்துகொண்டேயிருக்கும். அடுத்த பொதி வருமுன் முந்தியதை எடுத்து வைத்துவிட வேண்டும். புரொசசருக்கு இது அற்ப வேலை. பத்தாண்டு பழைய கணினிக்கும் அற்பந்தான். ஆனால் அந்த அற்ப வேலையை ஒரு தடவைகூடத் தவறாமல் செய்ய வேண்டும்.

மருதமுனைக் கைத்தறியில் நெசவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பாவுக்கு ஊடே நாடா இடமும் வலமும் ஓடி ஊடையைப் போட்டுச் செல்லும். நெசவாளி எத்துணை வேகமாக நெய்கிறார் என்பது ஒருபுறம் இருக்க, நாடா ஓரோட்டம் தவறினாலும் சாரனில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டைப் பிறகு எந்த வேகத்தாலும் அழிக்க முடியாது. (தறியில் ஓடுவதும் நாடா, கசெட்டில் ஓடியதும் நாடா என்பது எனக்கு இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

என் பழைய மடிக்கணினியின் புரொசசர் வலுக் குறைந்ததன்று. அது வேறு வேலையில் இருந்தது. வைஃபை திறந்திருந்தது. பின்னணியில் ஏதோ புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் முறையில் கணினி வைக்கப்பட்டிருந்தபடியால் புரொசசர் அடிக்கடி அரைத் தூக்கத்துக்குப் போய்வந்தது. வைஃபைக்குரிய டிரைவர் மென்பொருள் சில வேளைகளில் புரொசசரைப் பத்து, இருபது மில்லிசெக்கன் பிடித்து வைத்துக்கொண்டது. அதற்குள் பொதிகள் நிரம்பி வழிந்துவிட்டன. லேட்டன்சிமொன் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதனை அரைமணி நேரம் ஓடவிட்டால் யார் குற்றவாளி என்று பெயரோடு சொல்லிவிடும். மூன்று கவிகள் போன பிறகு நான் அதை ஓடவிட்டேன்.

மீண்டும் உடனே போய்ப் பதிந்திருக்கலாம். பழைய கணினியையும் பழுதுபார்த்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது நம்பிக்கை போய்விட்டது. நல்லதொன்று வாங்கிக்கொண்டே போவோமென்று தள்ளிப்போட்டேன். 2020இல் கொரோனா வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிற்று. அவ்வருடம் மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறவன் மடிக்கணினியை நினைப்பானா? இப்படியே ஆறு வருடங்கள் கழிந்தன.

ஆகவே இம்முறை பெயர்களைப் பார்த்து மயங்குவதில்லை என்ற தீர்மானத்தோடு கொஞ்சம் படித்தேன். படித்ததில் முதலில் தெரிந்தது, ஐ3, ஐ5, ஐ7 என்ற ஒட்டுப்பட்டிகளை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பது. இன்டெலின் ஐ7-7500யூ என்ற புரொசசரில் இருப்பவை இரண்டே கருக்கள். அதற்கு அடுத்த தலைமுறையில், 2017இல் வந்த ஐ5-8250யூவில் நான்கு. ஏழு பெரிது, ஐந்து சிறிது என்ற பாலர் வகுப்புக் கணக்கு இங்கே செல்லாது. ஏஎம்டியிலும் இத்தகைய புதிர் உண்டு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பெயரளவில் இரட்டைப் பிள்ளைகள். முன்னது நான்கு கருக்களைக் கொண்ட ஸென் 2. பின்னது ஆறு கருக்களைக் கொண்ட ஸென் 3. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கந்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது. முதலாவது இலக்கம் சந்தைக்கு வந்த வருடத்தைத்தான் சொல்கிறது. கடைகளில் எடுத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதலாவது.

கருக்களின் எண்ணிக்கையும் ஓரளவுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் வைத்துக் கலப்பவர்களுக்குக் கரு கூடினால் நல்லது. ஆனால் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்ட விளைவுகளைப் பல கருக்கள் பங்குபோட முடியாது; முதலாமது முடிந்த பின்னரே இரண்டாமது தொடங்க முடியும். அங்கே தனியொரு கருவின் வேகமே கைகொடுக்கும். 2022 முதல் மடிக்கணினிகளில் பரவிய இன்டெலின் 12ஆம் தலைமுறையில் ஐ5-1235யூ என்பதைப் பத்துக் கருக்கள் என்று விளம்பரப்படுத்துவார்கள். அவற்றுள் வேகமானவை இரண்டு. எஞ்சிய எட்டும் மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்கான சிறு கருக்கள். இதெல்லாம் இசையமைப்பாளர்களுக்கு. ஒரு கிழவியும் ஒரு ஒலிவாங்கியும் என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது சத்தமின்மை. இதைக் கண்டுகொள்ளத்தான் எனக்கு நாட்கள் பிடித்தன. சாச்சியின் குரல் மெலிந்துவிட்டது. ஒலிவாங்கியை ஒரு சாணுக்கும் முழத்துக்கும் இடையில் வைத்து, உணர்திறனைக் கூட்டித்தான் பிடிக்க வேண்டும். அப்படிக் கூட்டும்போது கணினியின் காற்றாடியும் சேர்ந்து விழும். எங்கள் கரையோரத்தில் பிற்பகலில் அறை வெப்பம் 32 பாகையைத் தாண்டும். பதிவுக்காகக் கூரைக் காற்றாடியை நிறுத்திவிட்டால் மனிதருக்கே வியர்க்கும். 45 வாட் புரொசசர் என்ன செய்யும்? இரையத்தான் செய்யும். 15 வாட் புரொசசர் பதிவு போன்ற இலேசான வேலையில் பெரும்பாலும் காற்றாடியைச் சுழற்றாமலே இருந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள், பணம் இருந்தால், ஆப்பிளின் எம்1 புரொசசரோடு 2020இல் வந்த மெக்புக் எயாரையோ அதன் பின்வந்தவற்றையோ பார்க்கலாம். அவற்றில் காற்றாடியே கிடையாது. இன்டெலின் என்100 என்ற 6 வாட் புரொசசர்கூட ஓரிரு தடங்களுக்குப் போதும்.

குறைந்த வாட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சார்ஜரைச் செருகியபடி பதிந்தால், எங்கள் வீடுகளின் மின்னிணைப்பில் பல வேளை 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் ஒன்று பதிவில் ஏறிவிடும். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டினால் அது மறைந்துவிடும். அதற்குப் பற்றரி இரண்டு மணி நேரமாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.

கடைசியில் நான் வாங்கியது, ஏதோ ஓர் அலுவலகம் பாவித்துக் கழித்த, மேலே சொன்ன ஐ5-8250யூ மடிக்கணினி. கடைத் தம்பி காட்டியதன் விலையில் கால்வாசிக்கும் குறைவு. எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை வாங்காமைக்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஏற்கிறது. புதிய பற்றரி போட்டேன். வன்தட்டை அகற்றிச் சத்தமில்லாத எஸ்எஸ்டி போட்டேன். இணையத்தோடு அதை இணைப்பதில்லை. பொதியின் அளவை 256இலிருந்து 1024ஆகக் கூட்டினேன். பாடகர் தன் குரலைக் கணினி வழியே திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் அந்த 21 மில்லிசெக்கன் தாமதம் இடறும். சாச்சி ஹெட்போனைக் காதுக்குக் கிட்டவே எடுக்க மாட்டார்.

"கையடக்க ரெக்கோடர் ஒன்றை வாங்கியிருக்கலாமே?" என்று கொழும்பு நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சூம் போன்றவை அழகாகப் பதிகின்றன, காற்றாடியும் இல்லை. ஆனால் என்னிடம் அந்த 41 கசெட்டுகளும் இருக்கின்றனவே. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் பழைய ஒலிகளை எண்ணிமமாக்கக் குறைந்தபட்சம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று சொல்கிறது. ஸ்டீரியோவில் அது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். இவ்வேலையில் புரொசசரைவிட முக்கியமானது கசெட்டை ஓட்டும் டெக். அதன் தலை கொஞ்சம் சரிந்திருந்தால் மெல்லிய ஒலிகள் எல்லாம் மங்கிவிடும். தலையின் பக்கத்திலிருக்கும் சிறு திருகாணியை, கசெட்டுக்குக் கசெட், குரல் தெளியும்வரை திருப்ப வேண்டும். இதுவரை 17 கசெட்டுகள் முடிந்திருக்கின்றன. அரசியல்வாதிகளே அதிகம்.

பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் ஒரே சுருதியில் நீளும் ஒலியொன்றை ஒலிக்கவிட்டு, புதிய கணினியில் இரண்டு மணி நேரம் பதிந்தேன். பிறகு அதன் அலைவரையை முழுமையாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் வெட்டு இல்லை. மறுநாள் நிந்தவூருக்குப் புறப்பட்டேன். வழியில் சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு, விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், பழந்தமிழிசையின் சுருதிகளை எண்விகிதங்களாகக் கணக்கிட்டு எழுதிய யாழ் நூல் 1947இல் வெளியாயிற்று. நொடிக்கு 48,000 எண் என்று அவரிடம் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார் என எண்ணிக்கொண்டேன்.

லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தெரிந்தெடுத்தோம். தெரு அடங்கியிருக்கும். காகங்களை ஒன்றும் செய்ய முடியாது.

"என்ன மனே, இந்த மொறயும் பொட்டியத் தூக்கிட்டு வந்திரிக்காய்? போன மொற படிச்சத்த என்ன செஞ்ச?" என்று கேட்டார் சாச்சி.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எட்டுக் கவிகள் படித்தார். இரண்டு புதியவை, அதாவது, நான் அறியாதவை. சிதைந்துபோன மூன்றில் ஒன்றை முழுமையாகப் படித்தார். மற்ற இரண்டும் நினைவில் இல்லை என்றார். முதலடியை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்போதுதான் 2019ஆம் ஆண்டுக் கோப்பை அவருக்குப் போட்டுக் காட்டும் எண்ணம் வந்தது. ஒலிபெருக்கியைச் சிறிதாக வைத்து ஓடவிட்டேன். தன்னுடைய குரலைத் தானே தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல் விழுந்த இடம் வந்தது. 'டிக்'. சாச்சி வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னார். பதிவை நிறுத்தி, மறுபடி அவரைப் படிக்கச் சொன்னேன். நாலடியும் வந்துவிட்டது.

மற்றதற்கு அப்படி நடக்கவில்லை. மூன்று முறை போட்டுக் கேட்டார். வெட்டு விழுந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் உதடு அசைந்தது. "எனக்கிட்ட இல்ல மனே, அது போயிட்டு" என்றார். அந்தக் கவியில் இரண்டாம் அடியின் பிற்பாதியும் நான்காம் அடியில் ஒரு சொல்லும் இல்லை. அயலூர்களில் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

எழுந்திருக்குமுன், பதிந்ததை அங்கேயே ஒருமுறை முழுவதும் போட்டுக் கேட்டேன். சாச்சியும் கேட்டார். முடிந்ததும், "இத ரேடியோல, நெட்டுல எல்லாம் போட்டுராதே" என்றார். பொம்பிளைகள் மத்தியில் படித்த கவிகள் அவை. இப்போது ஊரில் சிலர் அதற்கும் ஏசுகிறார்கள்; அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கே இது விருப்பமில்லை. "நான் மௌத்தாப் போனதுக்குப் பொறகு என்னெண்டாலும் செய்ங்க."

ஆகவே, கேட்கத் தருமாறு எழுதும் நண்பர்களுக்கு: இங்கே நான் தர மாட்டேன். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்புகளுக்கும் இப்போதைக்குக் கொடுப்பதற்கில்லை. கோப்புகள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று என்னிடம். மற்றது கண்டியில் ராத்தா வீட்டில். இரண்டையும் கடற்கரையில் வைக்கப் பயமாக இருக்கிறது.